ஒன்பது தொட்டி வெங்காயம்

பிப்ரவரி 9
தொட்டியை அசைத்ததும் கறுப்பாகச் சின்னப் பூச்சிகள் எழும்புகின்றன. கொசுவைவிடப் பொடிசு. ஒன்பது தொட்டியிலும். அப்பாவிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 11
லிட்டர் தண்ணீருக்கு 3 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்பு. வெங்காயத் தாளில் மெழுகு பூசினாற்போல இருக்கிறது. சோப்பு போடாவிட்டால் மருந்து உருண்டு ஓடிவிடும். வெயில் தாழ்ந்ததும் அடித்தேன். "என்னம்மா, வேப்பெண்ணெய் வாடை?" என்றார் அப்பா. தலைக்குத் தேய்த்தேன் என்றேன்.

பிப்ரவரி 12
அப்பாவின் ரிப்போர்ட் வரவில்லை.

பிப்ரவரி 14
மஞ்சள் தட்டில் விளக்கெண்ணெய் தடவி நடுவில் வைத்தேன். காலையில் 41 ஒட்டியிருந்தது, மாலையில் இன்னும் 23. பறப்பது குறைகிறது. ஆனால் தாள்களில் வெள்ளி வெள்ளியாய்க் கோடு கூடிக்கொண்டே போகிறது, நுனி காய்ந்து சுருள்கிறது. ஏன்?

பிப்ரவரி 15
செட்டிகுளத்துச் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். நட்ட விதைக்காய் அவர் வெங்காயம் சேமிக்கிற பட்டறையிலிருந்து வந்ததுதான். "பறக்குறது ஈர மண்ணுல வர்ற பூச்சிம்மா. தண்ணி ஜாஸ்தி ஊத்துற. அதை விடு, குருத்தை விரிச்சுப் பாரு" என்றார். விரித்தேன். இரண்டு தாள் சேரும் இடுக்கில் வெளிர்மஞ்சள் தூசி, எள்ளைவிடச் சிறியது, நகர்கிறது. இலைப்பேன். வெள்ளைக் காகிதத்தில் தட்டினால் ஒரே செடியில் 17. தாளைச் சுரண்டிச் சாற்றை உறிஞ்சுமாம். முட்டை இலைக்குள்ளேயே இருக்கும், அடிக்கிற மருந்து அதைத் தொடாது. குஞ்சு வளர்ந்து மண்ணில் இறங்கும், இறக்கை முளைத்து மறுபடி ஏறும். அதனால் வாரம் ஒரு தரமாவது அடிக்க வேண்டும். ஒரு வாரம் போய்விட்டது. கண்ணெதிரே பறந்ததையே துரத்திக்கொண்டிருந்தேன். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியதும் நான்தான், அப்பா படுத்தபடியே "ஊத்துனியா, ஊத்துனியா" என்று கேட்பாரே என்று.

பிப்ரவரி 18
போன் வந்தது. நாளை நேரில் வரச் சொல்கிறார்கள்.

பிப்ரவரி 19
தட்டிப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 21
"தலை சாஞ்சிருச்சா?" என்று கேட்டார் அப்பா. தாள் சாய்ந்தால்தான் வெங்காயம் எடுக்கலாம். மாட்டுப் பொங்கல் முடிந்த கையோடு நட்டது, இன்றைக்கு 36 நாள். 70 ஆக வேண்டும். அவரே விரல் விட்டு எண்ணினார். "பங்குனி பாதியில எடுக்கலாம்." அப்புறம் ஒன்றும் பேசவில்லை. நானும்.

பிப்ரவரி 22
வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராம் இடித்துத் துணியில் முடிந்து ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரியே ஊறப்போட்டிருந்தேன். பால் மாதிரி இறங்கியிருந்தது. குருத்துக்குள் போகும்படி அடித்தேன். நாலாம் தொட்டியில் ஒரு பொறிவண்டு உட்கார்ந்திருந்தது. அதை மட்டும் விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 24
தட்டினேன், 9.

பிப்ரவரி 26
சிவராத்திரி. ஆஸ்பத்திரி நாற்காலியில் விழித்திருந்தேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். பாவம், வாடுகிறதே என்று ஊற்றியிருப்பார்.

மார்ச் 3
31. வெயில் ஏற ஏறப் பெருகும் என்று சித்தப்பா சொன்னது சரி. இரண்டு தாளில் ஊதாப் புள்ளி வேறு. கத்தரித்து எரித்தேன், உரக்குழியில் போடவில்லை. இந்த ஒன்பது தொட்டியைக் காப்பாற்ற முடியாவிட்டால் நான் எதற்கு?

மார்ச் 6
வீட்டுக்குக் கூட்டிவந்தோம். மாடிக்குப் போக வேண்டும் என்றார். 22 படி. நாலாம் தொட்டியைக் கீழே இறக்கிக் கட்டிலருகே வைத்தேன். கண்ணாடி போடாமலே குருத்தை நகத்தால் விலக்கினார். "பேனும்மா இது." நான் ஒன்றும் தெரியாததுபோல நின்றேன். தாளை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து அடியிலிருந்து நுனிவரை மெல்ல உருவினார். விரல் பச்சையானது. அடுத்த தாள். "மருந்துக்கு முன்னால கையால தொடைச்சிரணும்." ஒரு மணிநேரம். ஊசி குத்திய கையில் வீக்கம் இன்னும் வடியவில்லை. நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மார்ச் 11
ராத்திரி முழுக்க மழை.

மார்ச் 12
மாடியில் எட்டுத் தொட்டியிலும் தாள்கள் கழுவி விட்டாற்போல. தட்டினேன், 2. ஓடிவந்து சொன்னேன். "அஞ்சாவது தொட்டியைக் கீழ எறக்கு" என்கிறார்.