சவர் ஏறிய கிணறு

சென்ற தவணையில் நிலத்தடி நீர் பற்றிய விரிவுரையை முடித்துக் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, வலிகாமத்திலிருந்து வரும் இரண்டாம் வருட மாணவி ஒருவர் எழுந்து, “சேர், எங்கட கிணத்தில விடிய இறைக்கேக்க நல்ல தண்ணி வருது, ரண்டு மணித்தியாலம் போனாச் சவர் தட்டுது. அப்பா மோட்டரை நிப்பாட்டிப்போட்டுக் கிணத்தை ஆறவிடுவார். எவ்வளவு நேரம் ஆறவிட வேணும்?” என்று கேட்டார். (சவர் என்பது நீரில் தட்டும் உப்புச்சுவை.) புவியியல் கற்பிக்கத் தொடங்கி 25 ஆண்டுகள் ஆகின்றன. எனக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன்.

கேள்வியின் முதற்பாதி எனக்குப் பழக்கமானதுதான். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு யாழ்ப்பாணக் குடாநாட்டில் இல்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடும். மழைநீர் சுண்ணாம்புக்கல்லினூடே இறங்கி, அடியிலுள்ள கடல்நீரின்மேல் ஒரு வில்லையைப்போல மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தி 1.000, கடல்நீரினுடையது 1.025 என்பதால், கடல்மட்டத்துக்குமேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். இதையே திருப்பிப் போட்டால், மேலே ஒரு மீற்றர் குறையும்போது கீழிருந்து உவர் எவ்வளவு தூரம் ஏறிவர இடமுண்டு என்பது விளங்கும். மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீருமாக இருக்கும் நிலாவரைக் கிணற்றை உதாரணம் காட்டி, இந்தக் கணக்கை வருடந்தோறும் எழுதிவந்தவன் நான். ஆறவிடும் நேரம் என் குறிப்புகளில் எங்கும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை, திணைக்களத்திலிருந்த, நீரின் உப்பை எண்ணாகக் காட்டும் மின்கடத்துதிறன் மானியை எடுத்துக்கொண்டு அவர்களுடைய தோட்டத்துக்குப் போனேன். செம்மண்ணில் வெங்காயம் நட்டிருந்தார்கள். மாணவியின் தந்தை கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை வாய்க்கால் நீரை உள்ளங்கையில் ஏந்தி நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார். நான் மானியை அமிழ்த்தி எண்ணைக் குறித்தேன். எண் கூடுவதாக நான் நிச்சயிக்குமுன்பே, “இப்ப சவர் ஏறுது, பாருங்கோ” என்று அவர் சொல்லிவிட்டார். அந்தச் சொல் என்னை நிறுத்தியது. இறைக்கும் கிணற்றின்கீழ் உவர்நீர் கூம்பாக மேலெழுவதைக் குறிக்க நான் இதுவரை கற்பித்துவந்தது “கூம்புவடிவ உவர்நீர் மேலெழுகை” என்ற தொடர். அதை மாணவர் மனனம் செய்து பரீட்சையில் எழுதுவர், பிறகு மறப்பர். (உண்மையைச் சொன்னால், நானும் சிலவேளை தடுமாறியிருக்கிறேன்.) இப்போது என் பாடக்குறிப்பில் அது “சவரேற்றம்.” யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன், 1873இல் அமெரிக்கா திரும்பிய பின்னரும் மருத்துவ நூல்களைத் தமிழாக்குவதில் உழைத்துக்கொண்டிருந்தார் என்பதை முன்பெல்லாம் ஒரு வியப்பாகவே படித்தேன். ஒரு சொல் சரியாக வந்து அமரும்போது கிடைக்கும் இன்பம் அவரை விட்டிருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

 

புறப்படும்போது தந்தை வேலிக்கு அப்பால் இருந்த கிணற்றைக் காட்டினார். அதே ஆழம், அதே இறைப்பு. ஆனால் அது சவர் தட்டுவதே இல்லையாம். சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளும் பொந்துகளும் காரணமாக இருக்கலாம் என்று மட்டுமே என்னால் சொல்ல முடிந்தது. மின்சாரமில்லாத போர்க்காலத்தில் ஜாம்போத்தல் விளக்கில் உயர்தரம் படித்த நான், இந்த வயதில் சுண்ணாம்புக்கல் நீரியலை முதல் அத்தியாயத்திலிருந்து மறுபடியும் படித்துக்கொண்டிருக்கிறேன். மாரி தொடங்குமுன் இரண்டு கிணறுகளையும் ஒரே நாளில் அளப்பதாகப் பேசியிருக்கிறோம். மாணவி மானியைப் பிடிப்பார். கொப்பியில் எழுதுவது என் வேலை.