மொரீஷியஸிலிருந்து பிரான்சுக்கு ஸ்தாஜ்: முதுகலை மாணவர்கள் முன்கூட்டியே பார்க்க வேண்டியவை

மொரீஷியஸ் பாஸ்போர்ட் இருந்தால் ஷெங்கன் நாடுகளில் (பிரான்ஸ் உள்ளிட்ட, ஒரே விசா ஏற்பாட்டில் இணைந்த ஐரோப்பிய நாடுகள்) 180 நாளில் 90 நாள் விசா இல்லாமல் தங்கலாம். ஸ்தாஜ், அதாவது படிப்பின் பகுதியாக நிறுவனத்தில் செய்யும் பயிற்சி, தேடுகிறவர்களைத் தவறான வழியில் இழுப்பதும் இந்த வசதிதான். போய்ச் சேர்ந்தபின் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பக் கூடாது. மூன்று மாதத்துக்கு மேல் நீளும் ஸ்தாஜுக்கு 'ஸ்தாஜியேர்' (பயிற்சி மாணவர்) என்று குறித்த நீண்டகால விசாவைப் புறப்படும் முன்பே வாங்கிவிட வேண்டும். ரெயூனியன் பக்கத்துத் தீவு என்றாலும் பிரெஞ்சு மண். ஸ்தாஜ் சட்டம் அங்கும் செல்லும். ஆனால் அது ஷெங்கனுக்குள் இல்லை. ஆகவே எங்கே வேலை செய்யப்போகிறீர்கள் என்பதை விசா விண்ணப்பத்தில் தெளிவாகக் குறிப்பிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை 'கோன்வான்சியோன் தெ ஸ்தாஜ்' என்னும் ஒப்பந்தம். மாணவர், நிறுவனம், பல்கலைக்கழகம் என மூன்று தரப்பும் கையெழுத்திட வேண்டும். தொடங்கும் நாளுக்குக் குறைந்தது 2 மாதம் முன்பே நிறுவனம் அதைப் பிரெஞ்சு நிர்வாகத்தின் ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் ஒப்புதல் என்றே பொருள். விசா வேலை அதற்குப் பிறகுதான்.

மார்ச்சில் தொடங்க நினைத்தால் டிசம்பர் நடுவுக்குள் மூன்று கையெழுத்தும் முடிந்திருப்பது நல்லது. பெரும்பாலும் சிக்குவது பல்கலைக்கழகக் கையெழுத்துதான். வழிகாட்டி, துறைத் தலைவர், அலுவலகம் என்று தாள் நகரும்போது ஆண்டிறுதி விடுமுறை குறுக்கே வரும். அதை விட்டால் தைப்பூசக் காவடி, சீனப் புத்தாண்டு, மகா சிவராத்திரி என்று அடுத்தடுத்து விடுமுறைகள். பிரெஞ்சு மாஸ்டர் மாணவர்களின் நீண்ட ஸ்தாஜ் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் தொடங்குவதால் செப்டம்பரிலிருந்தே தேடுங்கள். கரும்பு, வெப்பமண்டலப் பயிர்கள் படிக்கிறவர்கள் மொன்பெலியேயிலும் ரெயூனியனிலும் இயங்கும் சிராத் ஆய்வு நிறுவனத்தைப் பார்க்கலாம்.

பிரெஞ்சு நமக்குச் சரளம் என்று நம்பி நேர்காணலுக்குப் போவதில் ஒரு ஆபத்து உண்டு. இங்கே பாடம் படித்தது ஆங்கிலத்தில். பேச்சு வரும், துறைச்சொல் வராது. உங்கள் துறையில் பிரெஞ்சில் எழுதிய ஆய்வேடுகள் இரண்டை எடுத்து, முறையியல் பகுதியில் வரும் சொற்களை எழுதி வைத்து வாய்விட்டுப் பழகுங்கள்.

ஒப்பந்தத்தில் பலரும் படிக்காமல் கடந்துபோவது பணி விவரம் எழுதிய பகுதி. கற்கப்போவது என்ன என்பதைத் தீர்மானிப்பது அதுதான். 'தரவுப் பணியில் உதவி' என்று மட்டும் இருந்தால் ஆறு மாதமும் எக்செல் அட்டவணை நிரப்புவதிலேயே போய்விடலாம். எந்தத் தரவு, எந்தக் கருவி, முடிவில் நீங்கள் ஒப்படைக்கப்போவது அறிக்கையா மாதிரியா நிரலா என்று எழுதச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். நிரந்தரப் பணியிடத்து வேலையை ஸ்தாஜியேரைக் கொண்டு செய்விக்கச் சட்டம் இடம் தரவில்லை. ஒரு தியூத்தர் (நிறுவனத்தில் உங்களை வழிநடத்துபவர்) ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு மேல் பார்க்கவும் கூடாது. உங்கள் தியூத்தரிடம் எத்தனை பேர் என்று முன்பே கேளுங்கள்.

ஒரே நிறுவனத்தில் ஒரு கல்வியாண்டுக்கு 6 மாதமே உச்சம். கணக்கு மணியில் நடக்கிறது: 7 மணி ஒரு நாள், 22 நாள் ஒரு மாதம், ஆகவே 6 மாதம் என்பது 924 மணி. 2 மாதத்தை, அதாவது 308 மணியை, தாண்டினால் முதல் நாளிலிருந்தே 'கிராத்திஃபிகாசியோன்' என்னும் உதவித்தொகை கட்டாயம். 2025இல் குறைந்தபட்சம் மணிக்கு 4.35 யூரோவாக இருந்தது; 154 மணி கொண்ட மாதத்துக்கு ஏறத்தாழ 670 யூரோ. பாரிஸில் அறை வாடகைக்கே இது போதாமல் போகலாம், தவிர மாதம் முடிந்துதான் கைக்கு வரும். முதல் இரண்டு மாதச் செலவுக்குக் கையிருப்போடு போங்கள். வீட்டுக்கு 'பாய் மொபிலிதே' என்னும் குறுகியகால வாடகை ஒப்பந்தம் கேளுங்கள்: 1 முதல் 10 மாதம் வரை, முன்பணம் கிடையாது. சாதாரண ஒப்பந்தத்தில் தளவாடம் உள்ள வீட்டுக்கு இரண்டு மாத வாடகை வரை முன்பணம் கேட்கலாம். மாதப் பயண அட்டையில் பாதிச் செலவை நிறுவனம் ஏற்க வேண்டும்.

போய்ச் சேர்ந்த 3 மாதத்துக்குள் விசாவை இணையத்தில் உறுதிப்படுத்த வேண்டும். தள்ளிப்போடாமல் முதல் வாரத்திலேயே செய்துவிடுங்கள்.

ஸ்தாஜ் முடியும்போது, எவ்வளவு காலம் வேலை செய்தீர்கள், எவ்வளவு தொகை பெற்றீர்கள் என்று குறித்த சான்றிதழை நிறுவனம் தர வேண்டும். அதில் வேலையின் தரம் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. ஆகவே என்ன செய்தீர்கள் என்பதை விவரிக்கும் தனிக் கடிதத்தைத் தியூத்தரிடம் கேளுங்கள். கடைசி நாளில் கேட்டால் அவசரத்தில் இரண்டு வரி எழுதித் தருவார். மூன்று வாரம் முன்பே, செய்த பணிகளின் குறிப்பையும் சேர்த்துக் கொடுத்துக் கேளுங்கள்.