வட்டத்துக்குக் காணாது

எங்கள் கல்லூரியைப் பற்றி மலருக்கு எழுதச் சொன்னால் பலரும் கட்டடம், மைதானம், பிக் மட்ச் என்று தொடங்குவார்கள். எனக்கு ஒரு கணித ஆசிரியர்தான் நினைவுக்கு வருகிறார்.

தொண்ணூறுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெயும் அரிது. ஜாம் போத்தலில் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திரி போட்ட சிக்கன விளக்கில்தான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்தோம். கொப்பிக்கும் தட்டுப்பாடு. பாஸ் பண்ணினாலே பெரிய காரியம் என்று வீட்டிலும் சொல்லுவார்கள். அதில் பிழையும் இல்லை.

சேர் மட்டும் அதற்கு உடன்படவில்லை. ஒரு நாள் வட்டத் தேற்றம் படிப்பித்தார். வில்லொன்று மையத்தில் எதிரமைக்கும் கோணம், அதே வில் பரிதியில் எதிரமைக்கும் கோணத்தின் இருமடங்கு. பரிதிப் புள்ளியிலிருந்து மையத்தினூடாக ஒரு கோட்டை நீட்டினால் இரண்டு இருசமபக்க முக்கோணிகள் வரும். அவற்றின் புறக்கோணங்களைக் கூட்டினால் நிறுவல் முடிந்தது. எல்லோரும் அதை எழுதி வைத்திருந்தோம். சேர் கரும்பலகையில் பரிதிப் புள்ளியை ஒரு பக்கமாக நகர்த்தி வேறொரு படம் கீறினார். மையம் கோணத்துக்கு வெளியே போய்விட்டது.

"இப்ப நிறுவுங்கோ."

பின்வாங்கில் இருந்து ஒருவன் கேட்டான்: "சேர், சோதினைக்கு முதல் படம் காணும்தானே?"

"சோதினைக்குக் காணும் தம்பி. வட்டத்துக்குக் காணாது."

முன்பு கூட்டிய இடத்தில் இப்போது கழிக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க அந்தப் பாடவேளை முழுவதும் போனது. அதோடும் அவர் விடவில்லை. கோணத்தின் ஒரு புயம் மையத்தினூடாகவே போனால்? வில் அரைவட்டத்தைவிடப் பெரிதாகி மையக் கோணம் 180 பாகையைத் தாண்டினால்? ஒரு தேற்றம் எல்லா இடத்திலும் நிற்கிறதா என்று நாங்களே பார்த்துத் தெரிந்துகொண்டது அன்றுதான்.

சி. வை. தாமோதரம்பிள்ளையை அவர் அடிக்கடி இழுப்பார். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகளில் ஒருவர். அந்தப் பட்டமே ஓர் ஆயுளுக்குக் காணும். அவரோ உத்தியோகத்தோடு நிற்காமல், தொட்டால் உதிரும் ஏடுகளைத் தேடி ஒப்பிட்டு, 1887இல் கலித்தொகையை அச்சில் தந்தார். "ஆர் அவரைக் கேட்டது?" என்பார் சேர். அந்தக் கேள்வி எனக்கு இன்னும் பிடிக்கும்.

இப்போது ஊரிலிருந்து வரும் படங்களில் சாதாரண தரத்தில் ஒன்பது பாடத்திலும் ஏ எடுத்த பிள்ளைகளைப் பார்க்கிறேன். மனம் நிறைகிறது, உழைத்த பிள்ளைகள். ஆனால் கடந்தகால வினாத்தாளும் மாதிரி விடையும்தான் படிப்பு என்று ஆகிவிடுமோ என்ற கவலையும் உண்டு. எங்கள் பழைய மாணவர் சங்கமும் பெறுபேற்றுக்குத்தான் பரிசு கொடுக்கிறது. பாடத்திட்டம் கேட்காத ஒன்றைத் தானாகத் தேடிச் செய்த பிள்ளைக்கு, அது ஒரு நிறுவலாகவோ, ஒரு பரிசோதனையாகவோ, ஊர்க் கிணறுகளின் நீரை அளந்த பதிவாகவோ இருக்கட்டும், நாம் ஒன்றும் வைத்திருக்கவில்லை. அப்படி ஒரு பரிசை அடுத்த பொதுக்கூட்டத்தில் முன்மொழியப் போகிறேன். எதைப் பரிசுக்குரியது என்று கொள்வது என்பதைக் கல்லூரியில் இன்று படிப்பிக்கும் ஆசிரியர்களே தீர்மானிக்கட்டும். காசுக்கு நாங்கள் இருக்கிறோம்.