ரயிலே வராத கேட்

கடலூர் தம்பி ஒருவர் ரயில்வே கேட்டைக் கணினி மாடலாக எழுதிக்கொண்டு வந்தார். 'எப்போது ரயில் வந்தாலும் பிறகு கேட் மூடும்' என்ற விதிக்கு மாடல் செக்கர் (மாடல் எப்படி ஓடினாலும் விதி நிற்கிறதா என்று பார்க்கும் மென்பொருள்) 'உண்மை' என்றது. முகமெல்லாம் சிரிப்பு. சரி, 'கேட் மூடும்' என்பதை எடுத்துவிட்டு 'பொய்' என்று போடுங்கள் தம்பி என்றேன். அதற்கும் 'உண்மை'! பார்த்தால் ரயில் வந்ததைச் சொல்லும் சென்சார் மாறி (variable) கடைசிவரை பூஜ்யத்திலேயே நிற்கிறது. அவர் மாடலில் ரயில் வரவே வராது. வராத ரயிலுக்கு எந்த விதி போட்டாலும் உடையாது.

1997இல் ஐபிஎம் ஹைஃபா ஆய்வாளர்கள் எழுதியது: புதிய வன்பொருள் வடிவமைப்பின் முதல் சோதனை ஓட்டங்களில் சுமார் 20 சதவீத விதிகள் இப்படிச் சும்மாவே பாஸாகின்றன, ஒவ்வொன்றுக்கும் பின்னால் நிஜக் கோளாறு ஒன்று இருக்கிறது. விதி தோற்றாலாவது, அது எங்கே உடைகிறது என்று காட்டும் எதிர் உதாரணம் கிடைக்கும், பாஸானதை யார் கிளறிப் பார்க்கிறார்கள்? அதனால்தான் அவர்கள் பாஸுக்கும் சாட்சி கேட்டார்கள்: ரயில் வந்து, கேட் மூடிய ஒரு ஓட்டத்தையாவது காட்டு.