கைமாறிய கடன்

எங்கள் மண்டபம் ஊர்ப் பக்கம் படகுக்கு முன்பணம் தரும் வியாபாரி ஆள் பார்த்துத்தான் தருவார். பணம் திரும்பி வராவிட்டால் நஷ்டம் அவருக்கு. 2008 நிதி நெருக்கடிக்கு முன் அமெரிக்காவில் அந்தப் பயமே விட்டுப்போயிருந்தது. வீட்டுக்கடன் கொடுத்தவர்கள் அதையெல்லாம் மொத்தமாகச் சேர்த்து, கடன் பத்திரங்களாக மாற்றி, வேறு யார் தலையிலோ விற்றுக் கட்டினார்கள். தவணை நின்றால் அவர்களுக்கென்ன? பத்திரங்களுக்குத் தரம் போடும் நிறுவனங்களும் பலவற்றுக்கு 'ஏஏஏ' என்ற மிக உயர்ந்த முத்திரை குத்தின (கூலி கொடுத்ததே பத்திரம் விற்றவர்கள்தான்!). வீட்டு விலை இறங்கியது, எல்லாம் சரிந்தது. 2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி திவால் மனு போட்டபோது அதன் கடன் 60,000 கோடி டாலருக்கும் மேல். 1929-லும் கடனுக்குப் பங்கு வாங்கியதுதான் அமெரிக்கப் பங்குச்சந்தைச் சரிவைப் பெரிதாக்கியது. எல்லோரும் பேராசையைத் திட்டுகிறார்கள். எனக்கு என்னவோ அந்த முத்திரைக் கூலி மேல்தான் கோபம்.