கனவுக்கு ஒரு மாத்திரை

வேலூர் பக்கம் ஒரு ஈசிஎச்எஸ் பாலிகிளினிக்ல மருந்து கவுண்டர்ல உக்காந்து ஒம்போது வருஷம் ஆச்சு. ரிட்டையர் ஆன மிலிட்டரிக்காரங்களுக்கும் அவங்க குடும்பத்துக்கும் 2003ல ஆரம்பிச்ச வைத்தியத் திட்டம் இது. எங்க பக்கத்துல பட்டாளத்துக்காரங்க ஜாஸ்தி, கம்மவான்பேட்டைன்னு ஒரு ஊர் இருக்கு, முதல் உலகப்போர் காலத்துலேருந்து ஆளு போய்க்கினே இருக்கறதால ராணுவப்பேட்டைன்னே பேர் வந்துடுச்சு. அதனால க்யூ எப்பவும் நீளம்தான். அதுல நிக்கறவங்கள்ல முக்காவாசி பொம்பளைங்க, கையில வூட்டுக்காரரோட கார்டு, ஒரு மஞ்சப்பை.

நான் சேந்த புதுசுல பண்ண ஒரு கூத்தைச் சொல்லணும் (ஆள் அடையாளம் தெரியாம இருக்க சிலதை மாத்தித்தான் எழுதறேன்). ஒருத்தர் சீட்டு நீட்டுனாரு, மனநல டாக்டருங்க எழுதற செர்ட்ராலின், கூடவே ராத்திரிக்கு ப்ராசோசின். ப்ராசோசின் எனக்குத் தெரிஞ்சு பிரஷர் மாத்திரை, யூரின் அடைப்புக்கும் குடுப்பாங்க. அவர் சீட்டுல பிரஷரும் இல்ல ஒண்ணும் இல்ல, டாக்டர் மாத்தி எழுதிட்டாருன்னு நெனச்சுக்கினு, ஜன்னல்லேருந்தே சத்தமா "அண்ணா, உங்களுக்கு பிரஷரா, யூரின் ப்ராப்ளமா"ன்னு கேட்டுட்டேன். க்யூ மொத்தமும் திரும்பிப் பாத்துச்சு. அவர் தலைய குனிஞ்சுக்கினு ஒரே வார்த்த, "கனவுக்கு"ன்னாரு. சீட்டை எடுத்துக்கினு போயே போயிட்டாரு, மாத்திரை வாங்காம. கெட்ட கனவுக்கும் ப்ராசோசின் எழுதுவாங்கன்னு அப்போ எனக்குத் தெரியல.

மறுநாள் அவங்க வூட்டம்மா வந்தாங்க. திட்டுவாங்கன்னு பயந்தேன், திட்டல. "எம்மா, இனிமே நானே வரேன், நீ என்கிட்ட கேளு"ன்னாங்க. அன்னைலேருந்து மாசாமாசம் அந்த அக்காதான்.

போர் மாதிரி பயங்கரத்தைப் பாத்தவங்க மனசை விடாம படுத்தற அந்த நோய்க்கு, பிடிஎஸ்டிங்கற பேரு 1980லதான் அமெரிக்க மனநல டாக்டருங்க புக்குல ஏறுச்சு. அக்கா அதுக்கு வெச்ச பேரு "ராத்திரி பிரச்சன". கல்யாணம் ஆன புதுசுல தூக்கத்துல அவர் கத்தறப்போ இவங்க தோளைப் புடிச்சு உலுக்குவாங்களாம், ஒரு நாள் கண்ணு முழிக்காமலே இவங்க கையை முறுக்கிட்டாரு, மணிக்கட்டு வீங்கிடுச்சு, காலைல அதைப் பாத்துட்டு அந்த மனுஷன் ரெண்டு நாள் சாப்புடலயாம். அப்புறம் யாரும் சொல்லிக்குடுக்காம தானா கத்துக்கினாங்க, முதல்ல லைட்டைப் போடணும், தொடக்கூடாது, கால்மாட்டுக்கு அந்தாண்ட தள்ளி நின்னு பேரைச் சொல்லிக் கூப்புடணும், "நம்ம வூட்டுலதான் இருக்க, வேலூரு, நான்தான்"னு மெதுவா. புருஷன் பேரைச் சொல்லாத காலத்து ஆளு, ராத்திரில மட்டும் சொல்றேன்னு சிரிச்சாங்க. பின்னாடி எங்க மனநல டாக்டர் சொன்ன வழியும் கிட்டத்தட்ட அதேதான்.

அவர் 1987ல ஐபிகேஎஃப்ல, அதான் இலங்கைக்கு இந்தியா அனுப்புன அமைதிப்படைல, யாழ்ப்பாணம் போனவரு. அந்த ரெண்டே முக்கா வருஷத்துல நம்ம ராணுவத்துல மட்டும் 1100 பேருக்கு மேல செத்தாங்க, அங்க அந்த ஜனங்க பட்டது தனி. இவருக்கு தமிழ் பேச வரும்னு செக்போஸ்ட் வேலைல நிறுத்திட்டாங்களாம். ஒரு வயசான அம்மா, "தம்பி, நீங்கள் தமிழோ?"ன்னு கேட்டுச்சாம். அதுக்கு மேல என்ன நடந்துச்சுன்னு முப்பத்தஞ்சு வருஷமா அவர் சொல்லல, அக்காவும் கேக்கல. தூக்கத்துல "உள்ள போங்கம்மா, உள்ள போங்கம்மா"ன்னு மட்டும் வரும்.

எனக்கு இதுல உறைச்சது வேற. 1999ல கார்கில் போயிட்டு வந்தவங்களுக்கு ஊருக்கு ஊரு பேனர் வெச்சோம். 1990 மார்ச்ல இலங்கைலேருந்து இந்த அமைதிப்படைக்காரங்க கப்பல்ல மெட்ராஸ் வந்து எறங்கனப்போ முதலமைச்சரே வரவேற்கப் போகல. ஜனங்களுக்கு இருந்த கோவம் நியாயமானதுதான், நானும் அப்படித்தான் பேசற வூட்டுல வளந்தவ. ஆனா அந்தக் கோவத்துக்கு நடுவுல ஒரு பொண்டாட்டி யார்கிட்ட போய் "எம் புருஷன் தூங்க மாட்டேங்கறாரு"ன்னு சொல்லுவா? சொல்லல, அவ்ளோதான்.

தீபாவளிதான் ரொம்பக் கஷ்டம். கோர்ட்டு சொன்னதுக்கப்புறம் 2018லேருந்து காலைல ஆறுலேருந்து ஏழு, சாயங்காலம் ஏழுலேருந்து எட்டுன்னு வெடி போட கணக்கு இருக்கு, எந்தப் பையன் கேக்கறான். சிவகங்கைல வேட்டங்குடி சரணாலயத்துப் பக்கம் பறவைங்களுக்காக தீபாவளிக்கு வெடியே போடறதில்லன்னு நான் ஒருக்கா சொன்னேன். "பறவையாப் பொறந்திருக்கணும் அவரு"ன்னாங்க அக்கா. ஆனா சும்மா இருக்கல, தெருப் பசங்களுக்கு முறுக்கு குடுத்து ஒரு டீல் போட்டாங்க, வெடி போடு, ஆனா போடறதுக்கு முன்னாடி எங்கூட்டு கேட்டைத் தட்டிச் சொல்லிட்டுப் போடு. சொல்லிட்டு போட்டா அவர் தாங்கிக்கறாரு, சொல்லாம ஒண்ணு வெடிச்சாதான் கட்டில் ஓரம் போய் குந்திக்கறாரு.

ரம்மு விஷயத்துல எனக்கும் அக்காவுக்கும் சண்டையே வந்துச்சு. மிலிட்டரி கேன்டீன் கோட்டா பாட்டில் வூட்டுக்கு வரும், ரெண்டு பெக் உள்ள போனா தூங்கறாரு, விடேன்னாங்க. ப்ராசோசின் போட்டுட்டு சடார்னு எழுந்தாலே தல சுத்தும், அதோட ரம்மும் சேந்தா ராத்திரி பாத்ரூம் போறப்போ விழுந்து இடுப்பு ஒடையும்னு நான் கத்துனேன். கோட்டா பாட்டில இப்போ மச்சான் வூட்டுல வெச்சிருக்காங்க. சுத்தமா நின்னுடுச்சான்னா, இல்ல.

போன நவம்பர்ல லைஃப் சர்டிபிகேட் வேலையா ரெண்டு பேரும் வந்தாங்க. அவர் தூர மரத்தடில, சொவத்துல முதுகை ஒட்டிக்கினு நின்னாரு. மாத்திரைய எண்ணிக் குடுத்துட்டு, என்னமோ தோணுச்சு, "அக்கா, நீ தூங்கறியா"ன்னு கேட்டேன். எத்தன வருஷமா அந்த ஜன்னல்ல பாக்கறேன், கேட்டதே இல்ல. பதில் சொல்லாம மஞ்சப்பைய மடிச்சாங்க, பிரிச்சாங்க, திரும்ப மடிச்சாங்க. கண்ணைச் சுத்தி அவ்ளோ கருப்பு. அவங்களுக்கும் கார்டு இருக்கு, ஒரு தடவ கூட அவங்க பேருல சீட்டு வந்ததில்ல. ஒரு துண்டு பேப்பர்ல 14416னு எழுதிக் குடுத்தேன், டெலி மானஸ், மனசு கஷ்டத்தைப் பேச கவர்மெண்ட் வெச்ச போன் நம்பர், காசு கெடையாது, தமிழ்லயே பேசலாம்.

டிசம்பர்ல வந்தப்போ சொன்னாங்க, தோட்டத்துல துணி தொவைக்கற கல்லாண்ட உக்காந்து ரெண்டு தடவ கூப்ட்டாங்களாம். "அவரைப் பத்திதான் கேக்கப் போனேன்மா, பாதில என்னைப் பத்தியே பேசிட்டேன்"னு ஏதோ தப்பு பண்ண மாதிரி சொன்னாங்க. அதுக்குள்ள பின்னாடி நின்ன சுபேதார் தாத்தா, சுகர் மாத்திரை வந்துச்சா இல்லியான்னு ஜன்னலைத் தட்ட ஆரம்பிச்சுட்டாரு.