ஆசிரியர்களுக்காக ஒரு பாட்காஸ்ட் தொடங்கிய கதை

ஆசிரியர் வாட்ஸ்அப் குழுக்களில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த கதைதான். காலையில் இரண்டு செயலி லிங்க் வரும், மதியம் ஒரு பிடிஎஃப், இரவில் ஒரு யூடியூப் வீடியோ. எல்லாவற்றுக்கும் கீழே வரிசையாகக் கும்பிடும் எமோஜி. ‘இதை உங்க வகுப்புல செஞ்சு பாத்தீங்களா? நாற்பது பிள்ளைகளுக்கு நடுவுல ஒத்த போனை வச்சு எப்படிச் சமாளிச்சீங்க?’ என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

பொருளுக்குப் பஞ்சமே இல்லை. 2018-இல் பாடப்புத்தகத்துக்குள் கியூஆர் கோடு வந்துவிட்டது. 2019-இல் கல்வித் தொலைக்காட்சி, 2023-இல் பாட வீடியோக்களுக்காக அரசின் மணற்கேணி செயலி. இவற்றை வைத்து ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியடை எப்படி நடத்துவது என்ற பேச்சுக்குத்தான் இடமில்லாமல் இருந்தது. அதற்காகத்தான் பாட்காஸ்ட். நான் திருவாரூர் மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். கூடப் பேசுபவன் என் பழைய மாணவன், இப்போது சென்னையில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். அவனுக்கு நான் இன்னும் டீச்சர், எனக்கு அவன் தம்பி. அதனால் ஆசிரியர்களும் கேட்கிறார்கள், கல்விக்கு ஏதாவது செயலி எழுதிவிட வேண்டும் என்று துடிக்கும் அவனுடைய நண்பர்களும் கேட்கிறார்கள்.

‘வீடியோவா போடலாமே’ என்று சொல்லாத ஆளே இல்லை. செயலியைப் பற்றிப் பேசும்போது திரையைக் காட்டாமல் எப்படி என்பது நியாயமான கேள்விதான். ‘மேல வலது மூலையில மூணு புள்ளி இருக்கும், அதைத் தொடுங்க, ரெண்டாவதா ஒரு ஆப்ஷன் வரும்’ என்று ஒலியில் சொன்னால், பள்ளிக்கு ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டே கேட்கும் ஒருவர் என்ன செய்ய முடியும்? இதைப் பற்றி நானும் தம்பியும் நிறையப் பேசினோம். கடைசியில், எந்த பட்டனை எங்கே அழுத்துவது என்று எங்கள் நிகழ்ச்சியில் சொல்வதே இல்லை என்று முடிவு செய்தோம். அதற்கு ஏற்கெனவே ஆயிரம் வீடியோ இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன? தயார் செய்ய எவ்வளவு நேரம் ஆகிறது, கரண்ட் போனால் என்ன ஆகும், கடைசி பெஞ்ச் என்ன செய்கிறது, இதைவிடக் கரும்பலகையே மேலா. இதையெல்லாம் திரையில் காட்டவும் முடியாது, வாயால் சொன்னால்தான் உண்டு.

பிளிக்கர்ஸ் என்ற வினாடி வினாச் செயலி பற்றிய எபிசோடு அப்படி வந்ததுதான். ஒவ்வொரு பிள்ளை கையிலும் ஒரு அட்டை. அதில் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாக ஓர் உருவம், ஒருவருக்கு இருப்பது இன்னொருவருக்கு இருக்காது. ஏ, பி, சி, டி என்று நான்கு பக்கம், எந்தப் பக்கம் மேலே இருக்கிறதோ அதுதான் பதில். ஆசிரியர் போன் கேமராவை வகுப்பின் மேல் ஓட்டினால் யார் என்ன பதில் சொன்னார்கள் என்று திரையில் வந்துவிடும். பிள்ளைகளுக்குப் போனே தேவையில்லை. இவ்வளவும் எந்த அறிமுக வீடியோவிலும் கிடைக்கும். எங்களோடு பேசிய ஓர் ஆசிரியை சொன்னது வேறு. அட்டை நீண்ட நாள் உழைக்கட்டும் என்று பளபளப்பான லேமினேஷன் போட்டால் ஜன்னல் வெளிச்சம் பட்டுக் கேமராவுக்கு அட்டை தெரியாது, மேட் தாள்தான் சரி. ஏ, பி எழுத்துகள் பொடியாக அச்சாவது பக்கத்தில் இருப்பவர் பார்த்து எழுதக் கூடாது என்பதற்காக, ஆனால் முதல் தடவை பிள்ளைகளுக்கே அது கண்ணில் படாது, அதனால் பாடமே இல்லாமல் ஒரு வேடிக்கைக் கேள்வியை வைத்துப் பழக்க வேண்டும். பயிற்சி வகுப்பில் இதை யாரும் சொல்லித் தந்ததில்லை. தம்பி தன் பங்குக்கு, இது கியூஆர் கோடு மாதிரி உருவத்தையும் அது திரும்பியிருக்கும் கோணத்தையும் கேமரா படிக்கிற வேலை என்று சுருக்கமாக விளக்கினான். அந்தச் சுருக்கத்துக்கு அவனை இழுத்து வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

பெட் (PhET) சிமுலேஷன்களும், அதாவது திரையிலேயே செய்து பார்க்கும் அறிவியல் சோதனைகளும், அப்படித்தான். கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-இல், நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் தொடங்கிய திட்டம் அது. பல சிமுலேஷன்கள் தமிழிலும் இருக்கின்றன. பிரவுசரிலேயே ஓடும் ஹெச்டிஎம்எல்5 வடிவத்தில் இருப்பவற்றை ஒரு தடவை இறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலே ஓடும் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. மின்சுற்றுப் பாடத்தில் அதைப் பயன்படுத்தும் ஒருவர், ‘ஸ்விட்சைப் போடறதுக்கு முன்னாடி பல்பு எரியுமா எரியாதான்னு நோட்டுல எழுத வச்சிருவேன், இல்லேன்னா வேடிக்கை பாத்துட்டுப் போயிருவாங்க’ என்றார். அந்த எபிசோடில் இருந்து நான் வகுப்புக்கு எடுத்துப் போனது அந்த ஒரு வரிதான், அது போதும்.

இனி ரெக்கார்டிங். மைக் வாங்குகிறவர்கள் முதலில் அதன் வயர் முனையில் செருகும் பின்னைப் பாருங்கள். காலரில் மாட்டும் மைக்கில் கேமராவுக்கு ஒன்று, போனுக்கு ஒன்று என இரண்டு வகை உண்டு. பின்னில் இரண்டு கறுப்பு வளையம் இருந்தால் கேமராவுக்கு, மூன்று இருந்தால் போனுக்கு. இப்போதைய போன்கள் பலவற்றில் அந்தத் துளையே இல்லை, டைப்-சி மைக்தான் வாங்க வேண்டும். கண்டென்சர் மைக் துல்லியமாக எடுக்கும் என்று கடையில் சொல்வார்கள். உண்மைதான், பக்கத்து வீட்டு மிக்ஸியையும் துல்லியமாக எடுக்கும். ஒலி அடைப்பு இல்லாத வீட்டில் டைனமிக் மைக்கை வாய்க்கு அருகில் வைத்துப் பேசுவதுதான் நல்லது. எதிரொலி குறையட்டும் என்று நான் பீரோக் கதவைத் திறந்து வைத்து, எதிரே மெத்தையை நிமிர்த்தி, ஃபேனை நிறுத்திவிட்டுப் பேசுகிறேன். ஆடி மாதத்தில் எங்கள் ஊரில் ரெக்கார்டிங் கிடையாது. கூழ் ஊற்றும் ஒலிபெருக்கியை வெல்லும் மைக்கை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

விருந்தினர் வெளியூரில் இருப்பார். போன் அழைப்பை அப்படியே பதிவு செய்தால் குரல் தேய்ந்து கேட்கும். அதனால் நாங்கள் வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்வோம், ஆனால் அவரவர் குரலை அவரவர் பக்கத்திலேயே இன்னொரு போனில் ரெக்கார்டர் செயலியில் பதிவு செய்துகொள்வோம். தொடக்கத்தில் மூவரும் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி ஒரே நேரத்தில் கை தட்டுவோம். பிறகு எடிட்டிங்கில் அந்தக் கைதட்டலை ஒன்றின் கீழ் ஒன்றாகப் பொருத்தினால் பேச்சு கூடிவிடும். நேரம் போகப் போகச் சற்று விலகும், அதற்காக நடுவில் ஒரு தடவை தட்டிக்கொள்வதும் உண்டு. விருந்தினர் தன் பக்கம் பதிவு செய்த கோப்பை வாட்ஸ்அப்பில் ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்வோம், அப்போதுதான் தரம் குறையாமல் அப்படியே வரும்.

பேச வைப்பதுதான் இதையெல்லாம்விடக் கஷ்டம். ‘கல்வியில் தொழில்நுட்பத்தின் பங்கு என்ன?’ என்று கேட்டுவிட்டால், நன்றாகப் பேசிக்கொண்டிருந்த மனிதர் உடனே கட்டுரைப் போட்டிக் குரலுக்குப் போய்விடுவார். ‘இருபத்தோராம் நூற்றாண்டில்’ என்று ஆரம்பித்தால் திரும்பி வருவது கடினம். ‘முதல் தடவை செஞ்ச அன்னிக்கு வகுப்புல என்ன நடந்துச்சு?’ என்று கேட்டால் பேச்சுத் தமிழ் தானாக வரும். கேள்விகளை முன்கூட்டியே அனுப்புவதையும் நிறுத்திவிட்டோம், எழுதி வைத்து வாசித்துவிடுகிறார்கள். தலைப்பை மட்டும் சொல்கிறோம். இன்னொன்று, எந்த ஆசிரியரும் சிறிது நேரத்தில் பள்ளி விவரங்களைத் தினமும் ஆன்லைனில் ஏற்றும் வேலையைப் பற்றிய புலம்பலுக்குள் போய்விடுவார். நானும் சேர்ந்து புலம்புவேன். எடிட்டிங்கில் தம்பி அதை இரக்கமில்லாமல் வெட்டுவான்.

அனுமதி விஷயம். தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973 என்று ஒன்று இருக்கிறது, ஊடகத்தில் பேசவும் எழுதவும் அதில் வரம்புகள் உண்டு. விளம்பரம் இல்லை, வருமானம் இல்லை, வகுப்பறை அனுபவம் மட்டும்தான் என்று எழுதித் தலைமையாசிரியர் மூலமாக மேலே அனுப்பிவிட்டு, பதில் கையில் வந்த பிறகுதான் முதல் எபிசோடை வெளியிட்டேன். பிள்ளைகளின் குரலைச் சேர்க்க ஆசைதான். ஆனால் 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும் எனக்குத் தயக்கம்தான். ஒரு பிள்ளை இன்று உளறியது பத்து வருடம் கழித்தும் இணையத்தில் இருக்கும். பிள்ளைகள் பெயரையும் விருந்தினர் சொன்னால் எடுத்துவிடுகிறோம்.

எடிட்டிங் முழுக்க ஆடாசிட்டி என்ற மென்பொருளில். இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். பேசத் தொடங்கும் முன் சில விநாடி சும்மா இருந்து, அறையின் சத்தத்தை மட்டும் பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்தத் துண்டைக் காட்டி ‘இதுதான் இரைச்சல்’ என்று மென்பொருளுக்குச் சொல்லிவிட்டு, பிறகு முழுப் பதிவிலும் அதைக் குறைக்கலாம். அளவுக்கு மீறிக் குறைத்தால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல ஆகிவிடும். சத்த அளவை -16 லஃப்ஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) பக்கம் வைக்கச் சொல்கிறது ஆப்பிள், நாங்களும் அதையே வைத்துக்கொண்டோம். ‘வந்து’, ‘என்னன்னா’ எல்லாவற்றையும் வெட்டுவதில்லை, வெட்டினால் மனிதர் மூச்சே விடாமல் பேசுவதாகக் கேட்கிறது.

வெளியிடுவது நினைத்ததைவிட எளிது. பாட்காஸ்டை ஆப்பிளிலோ ஸ்பாட்டிஃபையிலோ தனித்தனியாக ஏற்ற வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். ஒலிக்கோப்பு ஓர் இடத்தில் இருக்கும், ஆர்எஸ்எஸ் ஃபீட் என்று ஒரே ஒரு முகவரி இருக்கும், எல்லாச் செயலிகளும் அந்த முகவரியைப் பார்த்துப் புது எபிசோடை எடுத்துக்கொள்ளும் என்று தம்பி விளக்கினான். 2024-இல் கூகுள் பாட்காஸ்ட்ஸ் மூடப்பட்டபோதும் நிகழ்ச்சிகள் அழியாமல் இருந்ததற்கு இதுதான் காரணம், கேட்பவர் அதே முகவரியை வேறு செயலியில் போட்டால் போதும். முகப்புப் படம் சதுரமாக, குறைந்தது 1400-க்கு 1400 பிக்சல் இருக்க வேண்டும். எங்கள் படத்தில் தமிழ் எழுத்துகளைச் சின்னதாகப் போட்டிருந்தார் வரைந்து தந்தவர், போன் திரையில் ஒன்றும் தெரியவில்லை என்று இரண்டே சொல்லாகப் பெரிதாக்கி வாங்கினோம். ஒலிக்கோப்புகளின் பிரதியை இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இலவச இணையக் காப்பகத்திலும் போட்டு வைக்கிறோம்.

ஆனால் எங்கள் ஆசிரியர்களில் பலர் பாட்காஸ்ட் செயலி எதையும் திறப்பதில்லை. அவர்களுக்கு எபிசோடை வாட்ஸ்அப்பிலேயே அனுப்பிவிடுகிறோம். மோனோவில் 64 கேபிபிஎஸ் எம்பி3 ஆக மாற்றினால் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ அரை எம்பி, இருபது நிமிட எபிசோடு பத்து எம்பிக்குள் அடங்கிவிடும். பேச்சுக்கு அந்தத் தரம் தாராளம். தரவிறக்க எண்ணிக்கை தெரியாமல் போகிறதே என்று தம்பிக்கு வருத்தம். எனக்கு அதில் பெரிய அக்கறை இல்லை, ஆசிரியர் ஒருவர் ‘மேட் தாள்ல பிரிண்ட் எடுத்தேன் டீச்சர், இப்ப ஸ்கேன் ஆகுது’ என்று குரல்செய்தி அனுப்பினால் அந்த எபிசோடு வேலை செய்தது என்று எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்தது ஹெச்5பி (H5P) பற்றி, வீடியோவுக்கு நடுவில் கேள்வி வைப்பது போன்ற பாடங்களைச் செய்யும் கருவி அது. எபிசோடு எடிட்டிங்கில் இருக்கிறது. அந்தக் கருவி உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று தம்பி நீளமாகப் பேசியிருக்கிறான். பாதியாகக் குறைக்கச் சொல்லியிருக்கிறேன். ‘டெக் ஆளுங்களும் கேக்கறாங்க டீச்சர்’ என்கிறான், இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.